இருநூற்று ஏழு நாள்

என் மகள் தன்னைப் பற்றி யாரிடம் பேசினாலும், "நான் ஏழு மாசத்துல பொறந்தவ" என்று எங்கேயாவது ஓரிடத்தில் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. போன வாரம் என் கண்ணைச் சோதித்த டாக்டரிடமும் சொன்னாள். என் கண்ணில் வளரும் திரைக்கும் அவள் பிறந்த மாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த டாக்டர், "அந்தக் காலத்துலயா? எப்படிப் பிழைச்சீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். அவள் உடனே என்னைக் காட்டி, "எங்கப்பாதான் கூடவே இருந்து பாத்துக்கிட்டாரு" என்றாள். நான் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று வரி தெரியவில்லை.

யார் எந்த எண்ணைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிறவன் நான். மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டு ஒன்பது கொடுத்தால் படி இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று கண்டக்டரிடம் சொல்லி, பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேரன் பேத்திகள் என் எதிரில் வயதைச் சொல்லவே பயப்படுவார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் திருத்தவில்லை. என் மகள் பிறந்தது எட்டு (8) மாதத்தில். என் மனைவி கடைசியாக விலக்காகித் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணினால், இருநூற்று முப்பத்தொன்பதாம் நாள். பள்ளிக்கூடத்து டைரியில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்து எண்ணியிருந்தேன்.

யுத்த காலம் அது. ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டில் மூன்று தறி. அதை நடத்தியது என் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். கணவரை இழந்து வந்தபின் தறியையும் என்னையும் அவள்தான் தூக்கி நிறுத்தினாள். அவள் படிக்கவைத்ததால் நான் எலிமெண்டரிப் பள்ளி வாத்தியார் ஆனேன். வீட்டில் அவள் சொன்னதுதான் சொல். அரிசி எவ்வளவு போடுவது என்பதிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதுவரை.

அக்காவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. முதலாவது பெரியம்மையில் போனது. இரண்டாவது எட்டு மாதத்தில் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அது அப்படித்தான். அதனால் எட்டு என்று தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பால் கொடுத்துப் பழக்கினால் தாய்க்குத்தான் பிறகு கஷ்டம் என்று பாலும் கொடுக்கமாட்டார்கள். அக்காவின் பிள்ளைக்கும் நாக்கில் தேன் தொட்டு வைத்ததோடு சரி. அது இரண்டு நாள் இருந்தது. நான் ராசிபுரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா தறிக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான், கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை என் மனைவிக்குத் திடீரென்று வலி கண்டு, கதவுக்கு உள்ளே பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கேட்டதும், மனதுக்குள் நாளை மறுபடி எண்ணினேன். ஒன்பதில் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தோம். மருத்துவச்சி வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பொட்டப் புள்ளைங்க. உள்ளங்கை அகலந்தான் இருக்குது. மாசம் எத்தனைங்க?"

அவள் கேட்டது அக்காவை. அக்கா வாயைத் திறப்பதற்குள் நான், "ஏழு" என்றேன்.

வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்பிள்ளை பேசுகிற விஷயமில்லை அது. ஒருத்தி மட்டும், "வாத்தியாரு எண்ணிச் சொன்னா சரியாத்தான இருக்கும்" என்றாள். அக்காவும் என்னைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, "ஏழுன்னா சேலத்துக்குக் கொண்டு போலாம்" என்றாள். "சிஸ்டருங்க ஆஸ்பத்திரில கொறமாசப் புள்ளைக்குன்னே ஒரு ரூம்பு இருக்குதாமா. வண்டியப் பூட்டச் சொல்லு."

நான் சொன்ன பொய்யால் என் பிள்ளைக்கு ஒரு வண்டி கிடைத்தது. அதுவரையில் எனக்கு வருத்தமில்லை. இப்போதும் இல்லை.

மாட்டுவண்டியில் பஸ் வரைக்கும், அங்கிருந்து, பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ். மேடு வந்தால் நின்றுவிடும். ஏழு தடவை நின்றது. என் மனைவி சுருண்டு படுத்திருந்தாள். அக்கா குழந்தையைப் பஞ்சில் பொதிந்து தன் மார்போடு வைத்துச் சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் சேலை மடிப்பு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். அக்கா கவனித்துவிட்டாள்.

"எண்ணாத, சாமி. எண்ணினா கொறஞ்சு போயிரும்."

"சும்மாதான்க்கா."

"உன்ற சும்மா எனக்குத் தெரியாதா? வெளிய பாரு. புளியமரத்த எண்ணு."

ஆஸ்பத்திரியில் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ இல்லை, நம் ஊர்க்காரி. சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். வெள்ளை அங்கியின் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டுக்கொண்டு நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பாள். குழந்தையை அவள் தராசில் வைத்தபோது முள் மூன்று ராத்தல் ஆறு அவுன்ஸில், இப்போதைய கணக்கில் ஒன்றரைக் கிலோவில், நின்றது. அக்கா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"எத்தனை மாசம்?" என்று சிஸ்டர் நோட்டைத் திறந்தாள்.

"ஏழுங்க."

அவள் குழந்தையின் கையை எடுத்துப் பார்த்தாள். "ஏழா? நகம் வெரல் நுனிக்கு வந்துடுச்சே."

"ஏழுதானுங்க, சிஸ்டரம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். அந்த நிமிஷம் அக்காவை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆஸ்பத்திரி நோட்டில் ஏழு என்று எழுதினால் என்ன, எட்டு என்று எழுதினால் என்ன? பிள்ளை அதே பிள்ளைதானே என்று நினைத்தேன்.

அந்த அறையில் ஆறு தொட்டில்கள், ஒரு பெட்டி. பெட்டி தேக்குமரத்தில் செய்தது. மேலே கண்ணாடி மூடி. உள்ளே இரண்டு தட்டு. மேல்தட்டில் குழந்தை, கீழ்த்தட்டில் ஐந்து வெந்நீர்ப் புட்டிகள். அரை மணிக்கு ஒரு புட்டியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொதிநீர் நிரப்பிய ஒன்றை வைக்க வேண்டும். அதுவும் வரிசையாக. அப்போதுதான் உள்ளே சூடு ஒரே சீராக இருக்கும். தெர்மாமீட்டர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆள் போதாத அறை அது. மூன்றாம் நாளே வெந்நீர் கொண்டுவரும் வேலையையும், பெட்டியின் சூட்டைச் சீட்டில் எழுதும் வேலையையும் சிஸ்டர் எனக்குக் கொடுத்துவிட்டாள். கொதிகலன் இருந்த கொட்டகையிலிருந்து அறைக்கு அறுபத்திரண்டு அடி. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு அறுபத்திரண்டு அடியில் வாழ்ந்தேன்.

குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது. பேனாவுக்கு மை ஊற்றும் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் போல ஒன்றில் தாய்ப்பாலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். இரண்டு மணிக்கு ஒரு வேளை. வேளைக்கு முதலில் இருபது சொட்டு, பிறகு முப்பது. அதையும் எழுதினேன்.

"ஒங்க சீட்டுன்னா டாக்டரம்மா கண்ணாடிகூடப் போடாம படிச்சுடறாங்க, வாத்தியாரே" என்பாள் சிஸ்டர். "எங்க பொண்ணுங்க எழுதினா எனக்கே லத்தீன் வேதபாடம் மாதிரி இருக்கு, ஒண்ணும் புரியல."

எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அறையில் நான் சொல்கிற எண்ணை யாரும் இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்தது இதனால்தான் நடந்தது.

டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தாள். ஏழு மாதத்துக் குழந்தை எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் நாலு வாரம் பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது. அதன் நெஞ்சு இன்னும் முதிரவில்லை என்பாள். எட்டு மாதத்துக் குழந்தையை, எடை ஏற ஆரம்பித்துவிட்டால், பத்தாம் நாள் வெளியே எடுத்துப் பஞ்சில் சுற்றித் தொட்டிலில் போடலாம். என் மகள் முதலில் இறங்கி, மூன்று ராத்தல் இரண்டு அவுன்ஸுக்குப் போய், ஆறாம் நாளிலிருந்து ஏறினாள். ஒன்பதாம் நாள் மூன்று ராத்தல் எட்டு. நன்றாக அழவும் அழுதாள்.

அந்த ஒன்பதாம் நாள் காலை, சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். மலையடிவாரத்தில் கொஞ்சம் குத்தகை நிலம் வைத்திருந்தவர்கள். அந்த ஆளுக்கு என் வயதுதான் இருக்கும். தலைத்துண்டை அவிழ்த்து அதில் குழந்தையைச் சுற்றி வைத்திருந்தார். ஆண் குழந்தை. சரியாக மூன்று ராத்தல். தொட்டால் மண்பானை போலச் சில்லென்று இருந்தது.

"எத்தனை மாசம்?" என்றாள் சிஸ்டர்.

"எட்டு மாசமுங்க" என்றார் அவர் ஒளிக்காமல். "ஊர்ல வேண்டாம்னாங்க. எட்டு தங்காது, எதுக்குங்க அலையறீங்கன்னாங்க. இவதான் கேக்கல. நடக்கறேன்னுட்டா. பாதி வழி நடந்தேதாங்க வந்தோம்."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதத்திலிருந்து முழங்கால் வரை செம்மண் ஏறியிருந்தது.

சிஸ்டர் பெட்டியைப் பார்த்தாள். இரண்டு குழந்தையை ஒரே பெட்டியில் போட இடமும் இல்லை, டாக்டரம்மா விடவும் மாட்டாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். அக்கா அங்கேதான் பஞ்சு பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாத்தியாரே, நீங்க எண்ணுற ஆளு, அதனால கேக்கறேன். ஒங்க பாப்பா நகத்தப் பாத்தாலும், அழுவறதப் பாத்தாலும் எனக்கு ஏழுன்னே தோணல. எட்டுன்னா சொல்லிடுங்க. நாளைக்கு வெளிய எடுத்துடலாம். இப்பவே எடுத்தாலும் தாங்கும். பெட்டிய அந்தப் பையனுக்குக் குடுத்துடுவேன். ஏழுதான்னா எடுக்க மாட்டேன். எடுத்தா எம்மேலதான் பாவம்."

அக்கா பஞ்சு பிய்ப்பதை நிறுத்தினாள். தலை நிமிரவில்லை.

எட்டு என்று சொன்னால் அக்கா அந்த இடத்திலேயே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். என் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, "வா, ஊடு போலாம். இதுக்குமேல ஆசை வெக்காத" என்பாள். என் மனைவிக்கு அவளை மறுத்துப் பேசத் தெரியாது. பால் நின்றுவிடும். இது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதை இத்தனை வருஷம் முதலாவதற்குப் பின்னால் மறைத்துவைத்திருந்தேன். ஒன்பது நாளாக எல்லோரும் என் எண்ணை நம்பிய இடத்தில், நான் சொன்ன முதல் எண்ணே பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏழுதானுங்க, சிஸ்டரம்மா" என்றேன். அவள் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. அதனால் மேலும் சொன்னேன். "இருநூத்தி ஏழு நாள். டைரில குறிச்சு வெச்சிருக்கறன்."

இருநூற்று ஏழு. முழு எண்ணாக இருநூற்றுப் பத்து என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பாள். எந்த எண்ணைச் சொன்னால் நம்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அந்தப் பையனை ஒரு பிரம்புக் கூடையில் பஞ்சு நிரப்பிப் படுக்கவைத்தார்கள். இருபுறமும் இரண்டு வெந்நீர்ப் புட்டி. கூடைக்குக் கண்ணாடி மூடி இல்லை. அது மார்கழி. கதவு திறந்து மூடும்போதெல்லாம் குளிர் உள்ளே வரும். நான் பெட்டிக்கு வெந்நீர் கொண்டுவரும்போது கூடைக்கும் கொண்டுவந்தேன். கூடைக்குச் சீட்டு இல்லை, ஆனாலும் எண்ணினேன். நாலு நாளில் நூற்றுக்கு மேல் புட்டி மாற்றினேன். அந்த ஆள் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஓடிவருவார். "நீங்க படிச்சவிய, இதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க" என்பார். நான் கொடுக்கமாட்டேன். நான் நல்லவன் என்று அவர் நினைத்தார்.

அந்த நாலு நாளில் மூன்று தடவை சிஸ்டரின் அறை வாசல்வரை போனேன். முதல் தடவை அவள் ஜெபத்தில் இருந்தாள். இரண்டாவது தடவை டாக்டரம்மா உள்ளே இருந்தாள். மூன்றாவது தடவை அவள் தனியாகத்தான் இருந்தாள். நிமிர்ந்து, "என்ன, வாத்தியாரே?" என்றாள். "சீட்டு தீர்ந்துபோச்சுங்க" என்றேன். புதிய சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள், தாழ்வாரத்தில் வெயில் நன்றாக விழுந்த நேரத்தில், பையன் போய்விட்டான். சத்தம் எதுவும் இல்லை. பெட்டி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று சிஸ்டரிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று ராத்தல் பிள்ளை பெட்டிக்குள் இருந்தும் போவதுண்டு. அதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ள முயன்ற நாட்கள் உண்டு. எவ்வளவு நாள் என்று எண்ணவில்லை.

என் மனைவிக்கு அப்போது காய்ச்சல். பால் குறைந்துவிட்டது. முப்பது சொட்டு வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, பதினைந்துதான் வந்தது. இதை அந்தத் தாய் எப்படியோ தெரிந்துகொண்டாள். பிள்ளையை அடக்கம் செய்த அன்று சாயங்காலம் சிஸ்டரிடம் வந்து நின்றாள். நான் பெட்டியின் பக்கத்தில் இருந்தேன்.

"மாரு கட்டிக்கிட்டு வலி தாங்கலீங்க. பீச்சிக் கீழதான் ஊத்தறேன். அந்தப் பொட்டிப் புள்ளைக்கு வேணும்னா குடுக்கட்டுங்களா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். மற்ற நாளாக இருந்தால் யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அக்கா ஆயிரம் கேட்டிருப்பாள். அன்று அக்கா எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உட்காரவைத்து, "குடு, கண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

அவள் உடம்பு தேறும்வரை இருக்கட்டும் என்று டாக்டரம்மா அவர்களை மூன்று நாள் வைத்திருந்தாள். அந்த மூன்று நாளில் பத்தொன்பது வேளை என் மகள் குடித்தது அந்தத் தாயின் பால். கிண்ணத்தை வாங்கிவருவது என் வேலை. வேளைக்கு முப்பது சொட்டு, பிறகு முப்பத்தைந்து. என் கையெழுத்து மோசமானது அந்த மூன்று நாள் சீட்டில்தான்.

அவர்கள் கிளம்பும்போது அந்த ஆள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். தலைத்துண்டு மறுபடி தலையில் இருந்தது.

"நாங்க வாரமுங்க. ஊர்ல சொன்னது சரியாப் போச்சு. எட்டு தங்காதாமா, தங்கல. ஒங்களது ஏழு, தங்கிருச்சு. யாரையும் நோவறதுக்கு இல்லீங்க." பிறகு கண்ணாடி வழியாக என் மகளைப் பார்த்தார். "பாரு, எங்கூட்டுப் பாலக் குடிச்சிட்டு எப்படித் தூங்குதுன்னு. நல்லா இருக்கட்டும், சாமி."

அவர் மனைவி அங்கிருந்தே கைகூப்பினாள். நான் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்கூடப் போகவில்லை. புட்டி மாற்றும் நேரம் ஆகிவிட்டது என்று உள்ளே திரும்பிவிட்டேன். நேரம் ஆக இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.

முப்பத்து மூன்றாம் நாள் நாங்கள் வீடு திரும்பினோம். நாலு ராத்தல் ஒன்பது அவுன்ஸ். தெருவே கூடிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு என் மனைவிதான் எல்லாம் சொன்னாள். ஏழு பிழைத்தது, பக்கத்தில் எட்டு போய்விட்டது என்று அவள் சொன்னது, அவளைப் பொறுத்தவரை உண்மை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாள் எண்ணும் வேலையை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தெரு அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. ஏழு, எட்டு என்ற பேச்சு வந்தபோதெல்லாம், "வாத்தியாரே ஆஸ்பத்திரில கண்ணால பாத்துட்டு வந்திருக்கறாரே" என்றார்கள். இங்கிலீஷ் மருந்தும் கண்ணாடிப் பெட்டியும் இருந்தும் எட்டு தங்கவில்லை என்பதற்கு நான் சாட்சி.

மூன்று வருஷம் போனது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் வீட்டில் குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எட்டு. அவர்களே தெளிவாக எண்ணி வைத்திருந்தார்கள். நான் பள்ளி விட்டு வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்கள். குழந்தை பிறந்து ஒரு பகல் ஆகியிருந்தது. வண்டி பூட்டவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? எட்டுங்களே. நீங்கதான் பாத்தீங்கல்ல? கண்ணாடிப் பொட்டி பக்கத்துலயே இருந்தும் போயிருச்சாமே."

வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் வீட்டுப் படியில் அக்கா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்தப் பையன் பெட்டிக்குள்ள போகவே இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "பெட்டிக்குள்ள இருந்தது எம்புள்ள. எம்புள்ளையும் எட்டுதான். இருநூத்தி முப்பத்தொம்பது நாள். நான் பொய் சொன்னேன்."

தறிக்காரர் என்னையும், அக்கா இடுப்பில் கால் ஆட்டிக்கொண்டிருந்த என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து மாட்டை அவிழ்க்க ஓடினார்.

நான் வீட்டுக்குள் போனேன். அக்கா பின்னாலேயே வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று நின்றேன்.

"எட்டுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டேன்.

"மாசா மாசம் அவ ஒதுங்கி உக்காரும்போது வட்டல்ல சோறு போட்டுக் குடுத்தவ நானு. எந்த மாசத்துல இருந்து போடறதில்லைன்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னு நீ ஏழுன்னயல்ல, அப்பவே தெரியும். பொழைக்க வெக்கோணும்னு பையன் பொய் சொல்றான், சொல்லட்டும்னுதான் வண்டியப் பூட்டச் சொன்னேன். என்ற புள்ளைக்கு அப்படி ஒருத்தன் பொய் சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினாள். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள், ஓட்டவில்லை. "தெருவுக்குத்தான சாமி அந்தப் பொய்யி. சிஸ்டரம்மாகிட்ட எதுக்குச் சொன்ன? நான் அங்கதான உக்காந்திருந்தேன். நீ எட்டுன்னு சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். இருநூத்தி ஏழுன்ன."

"நீ சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். அதைச் சொன்னதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "ஆம்பளை, வாத்தியாரு, நோட்டுல எழுதியாச்சு. ஒன்ன நாலு பேரு முன்னாடி பொய்யன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்குத்தான் அந்தப் பொண்ணுகிட்ட, குடு கண்ணுன்னேன். வேற என்ன குடுக்க முடியும் அவளுக்கு?"

அதன்பிறகு அவள் சாகும்வரை, இருபத்தியாறு வருஷம், நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. தறிக்காரர் மகன் பிழைத்தான். அவன் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். உண்மையைச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிய வாத்தியார் என்றார்கள். அந்த மாலையை வீடு வருவதற்குள் வழியிலேயே கழற்றிவிட்டேன்.

அக்கா அப்படிச் சொன்ன அடுத்த வாரமே நான் சேந்தமங்கலத்துக்குப் போனேன். அந்த ஆளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கியபிறகுதான் தெரிந்தது, எனக்கு அவர் பெயர் தெரியாது. ஏழு நாள் ஒரே தாழ்வாரத்தில் இருந்திருக்கிறோம். அவர் பிள்ளைக்கு எத்தனை புட்டி வைத்தேன், அவர் மனைவி எத்தனை வேளை பால் கொடுத்தாள் என்று தெரியும். பெயரைக் கேட்கவில்லை. ஊரும் எது என்று தெரியாது, சேந்தமங்கலத்துப் பக்கம் என்பதைத் தவிர.

சந்தையில் ஆமணக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலம் ஆஸ்பத்திரிக்கு எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுபோய், அது தவறிப்போய்த் திரும்பியவர்கள், மலையடிவாரத்தில் குத்தகை நிலம்.

"பேரு என்னுங்க?"

"தெரியாதுங்க."

"பேரு தெரியாம எந்த ஊடுன்னு சொல்றதுங்க, சாமி?" என்று ஆமணக்கை அளந்துகொண்டே சொன்னாள். "எட்டு மாசத்துல போனது எல்லா ஊட்டுலயும் ஒண்ணு இருக்கும். எங்கூட்டுலயும் இருக்குது."

மலையைப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடந்தேன். வீடுகளை எண்ணினேன். நாற்பத்தாறு வரை எண்ணிவிட்டு நின்றேன். எந்த வாசலிலும் கூப்பிடவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் நோட்டைப் பார்க்கச் சொன்னால் பெயர் கிடைத்திருக்கும் என்பது பஸ்ஸிலேயே தெரிந்தது. அதற்குச் சிஸ்டரின் எதிரில் போய் நிற்க வேண்டும். போகவில்லை.

அன்று வாசலில் ஏழெட்டுப் பேர் கேட்டது தெருவோடு நின்றது. பெரியவர்கள் என் மகளிடம் சொல்லவில்லை, அந்தக் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை. என் மனைவியும் சொல்லாமலே போய்விட்டாள். மகள் ஏழு மாதக்காரியாகவே வளர்ந்தாள்.

கண் ஆபரேஷன் முடியும்வரை எழுதக் கூடாது என்கிறாள் மகள். "சொல்லச் சொல்ல நான் எழுதித் தரேம்பா, எனக்கு என்ன வேலை?" என்று நோட்டோடு நேற்றும் வந்து உட்கார்ந்தாள். வேறு எதையோ சொல்லி எழுதவைத்து அனுப்பிவிட்டேன். இதை நானேதான் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஒன்பது வரிக்குமேல் வரவில்லை. கோடு தெரியவில்லை. எழுத்து அந்த மூன்று நாள் சீட்டைவிட மோசமாக இருக்கிறது. முடிந்ததும் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். தொடக்கத்தில் எட்டு என்பதை எழுத்தாலும் எண்ணாலும் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். தப்பாகப் படித்துவிடக் கூடாது.